நானூற்றுப் பதினாறு கிலோமீட்டர்

பிப்ரவரி 13, வியாழன்

முதலில் நேரங்களைப் பதிவு செய்கிறேன். முப்பத்தோராண்டுகள் கல்லூரியில் புவியியல் கற்பித்தவன் நான். உணர்ச்சி பிறழும், அளவை பிறழாது.

நேற்று, புதன்கிழமை:

அதிகாலை 4.40. என் மனைவி செண்பகம் மருத்துவமனையில் காலமானாள். மாரடைப்பு. வயது ஐம்பத்து மூன்று.

5.05. மைசூரில் கணவனோடு வசிக்கும் எங்கள் ஒரே மகள் பொருநைக்குத் தொலைபேசியில் தெரிவித்தேன்.

காலை 9.20. மைசூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பவேண்டிய விமானம் கிளம்பவில்லை.

11.10. கிளம்பியது.

பகல் 12.05. சென்னையில் அவள் மாறி ஏறவேண்டிய தூத்துக்குடி விமானம் அவள் இல்லாமல் புறப்பட்டது.

பிற்பகல் 3.05. அடுத்த விமானம். அது தூத்துக்குடியை அடைவதாக அச்சிட்டிருக்கும் நேரம் 4.40.

4.10. செண்பகத்தை வீட்டிலிருந்து எடுத்தோம்.

4.25. ஒரு தொலைபேசி அழைப்பு.

5.04. மின்மயானத்தில் கதவு மூடப்பட்டது.

பொருநை தன் தாயின் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு விமான நிறுவனம் மைசூரில் இழந்த நூற்றுப்பத்து நிமிடங்களே இதற்குக் காரணம். நான் கூச்சலிடுபவன் அல்லன். எழுதுவேன். அவர்கள் பதில் சொல்லியே ஆகவேண்டிய முறையில் எழுதுவேன்.

பொருநையின் கோபம் வேறு திசையில் இருக்கிறது. விமானத்திலிருந்து இறங்கியவள் நேரே மயானத்துக்கு வர நினைத்தாள். பெண்கள் வரும் வழக்கமில்லை என்று தடுக்கப்பட்டாள். தடுத்தவர் செண்பகத்தின் அண்ணன் ஆவுடையப்பன் என்பது அவள் அறிந்துகொண்ட செய்தி. நாங்கள் மயானத்திலிருந்து திரும்பியபோது வாசலில் அவரை நிறுத்தி, "இனி உங்களுக்கும் எனக்கும் ஒண்ணும் கிடையாது மாமா" என்றாள். அவர் ஈரத் துண்டோடு தலைகுனிந்து நின்றார்.

இன்று காலை ஆறு மணிக்கு அவளும் அவள் கணவன் கிரீஷும் வாடகைக் காரில் மைசூருக்குத் திரும்பிவிட்டார்கள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. ஏழு மணிக்கு ஆண்கள் போய்ச் சாம்பல் எடுத்தோம். இரண்டு கலயம். பெரியதைத் திருச்செந்தூர்க் கடலில் கரைத்தோம். சிறியதை நான் கொடுக்கவில்லை. அஸ்தியை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பதால் பின்புறக் கொய்யா மரத்தில், கைக்கெட்டும் கிளையில், மஞ்சள் துணி சுற்றிக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.

மாலை 3.50க்குப் பொருநையிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி:

"சேர்ந்துட்டோம். 9 மணி 50 நிமிஷம்."

வேறொன்றும் இல்லை. எண்ணைக் குறித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

விமான நிறுவனத்துக்கான கடிதத்தின் முதல் வரைவு முடிந்தது. மூன்று பக்கம். முதல் பத்தி பின்வருமாறு:

"மைசூர், தூத்துக்குடி ஆகிய இரு விமான நிலையங்களுக்கும் இடையேயான நேர்கோட்டுத் தூரம் 416 கிலோமீட்டர். ஐம்பத்தைந்து நிமிடங்களில் கடக்கக்கூடியது. நேரடி விமானம் இல்லாமையால், உங்கள் நிறுவனத்தை நம்பும் ஒரு பயணி சென்னை வழியாக 918 கிலோமீட்டர் பறக்கவேண்டியிருக்கிறது. ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கத்தைக் கடக்க வேண்டியவர்களை மற்ற இரண்டு பக்கங்களிலும் நடத்திச் செல்கிறீர்கள். அந்தப் பயணத்துக்கு நீங்களே விதித்த நேரத்தையாவது நீங்கள் காப்பாற்றியிருக்கவேண்டும்."

தெளிவாக இருக்கிறது. கடைசிப் பத்தியில், "உங்கள் தாமதம் ஒன்றினாலேயே என் மகள் தாயின் முகத்தைக் காண இயலவில்லை" என்று எழுதியிருக்கிறேன். "ஒன்றினாலேயே" என்ற சொல்லை இரண்டு முறை அடித்து, மீண்டும் எழுதினேன்.

பக்கத்து வீட்டிலிருந்து இட்லி வந்தது. நான்கு உண்டேன்.

பிப்ரவரி 15, சனி

கடிதத்தை அனுப்பினேன். பகல் 1.25க்கு விமானம் வீட்டின்மேல் கடந்து சென்றது.

பிப்ரவரி 16, ஞாயிறு

என் தங்கை சொர்ணம் பதினாறாம் நாள் வரை இங்கே தங்குகிறாள். காலையில் செண்பகத்தின் மாத்திரை டப்பாவை எடுத்து வைத்துக்கொண்டு அழுதாள். வாரத்தின் ஏழு நாட்களுக்கும் ஏழு குழிகள் கொண்ட டப்பா. புதன் முதல் சனி வரை நிரம்பியிருந்தது. அதை அப்படியே வைக்கச் சொன்னேன்.

மதியச் சாப்பாட்டின்போது சொர்ணம் சும்மா இருக்கவில்லை.

"ஏண்ணே, எனக்கு ஒரு சந்தேகம். அந்தப் பிள்ள போறப்ப காருல ஒம்பதே முக்கா மணி நேரத்துல போயிட்டால்லா?"

"ஒன்பது ஐம்பது."

"சரி, ஒம்பது அம்பது. அன்னைக்குக் காலையில அஞ்சரைக்குக் கெளம்பியிருந்தா மூணரைக்குள்ள வந்திருப்பாளே. மதினி வீட்டுலதான இருந்தா அப்ப. யாருண்ணே அவள பிளேன்ல வரச் சொன்னது?"

சாம்பாரில் உப்பு அதிகம் என்றேன்.

"நான் ஒண்ணு கேட்டா நீங்க ஒண்ணு சொல்லுதீய" என்று சொல்லிவிட்டு அவள் சாம்பாரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

உப்பு சரியாகவே இருந்தது.

கிரீஷ் அன்று தொலைபேசியை வாங்கி, "மாவா, கார் ரெடி. உடனே கிளம்பறோம்" என்று சொன்னது உண்மை. அவன் மைசூர்க்காரன், தமிழைத் தன் தாயிடம் கற்றவன், மாமாவை மாவா என்பான். நான்தான் மறுத்தேன். சாலை வழியே 555 கிலோமீட்டர், திம்பம் மலைப்பாதையில் இருபத்தேழு கொண்டையூசி வளைவுகள், லாரிகள், பதினொரு மணி நேரத்துக்குக் குறையாது. விமானத்தில் வந்தால் 1.40க்குத் தரையிறங்கி 2.15க்கு வீடு. இரண்டு எண்களையும் ஒப்பிட்டு உடனே சொன்னேன். எவரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அந்த 2.15ஐப் பொய்யாக்கியது நான் அல்லன்.

பிப்ரவரி 17, திங்கள்

பகல் 1.30. விமானம்.

இந்த நேரத்தில் செண்பகம் மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருப்பாள். கையில் ஈரச் சேலையோடு மேலே பார்த்து, "இது பொருநை ஊர்ப் பிளேனா?" என்று கேட்பாள். இல்லை, சென்னை விமானம் என்று நான் திருத்துவேன். மறுநாளும் கேட்பாள். இரண்டு வருடங்களாக நான் திருத்திக்கொண்டிருந்தேன். அவளுக்கு அது தெரியாமல் இல்லை என்று இன்றுதான் தோன்றுகிறது.

மகள் வீட்டை அவள் பார்த்ததே இல்லை. பலமுறை கூப்பிட்டாள். 416 கிலோமீட்டருக்காக 918 கிலோமீட்டர் பறப்பது அறிவுக்குப் பொருந்தாது என்றேன். நேரடி விமானம் வரப்போவதாகச் செய்தித்தாளில் போட்டிருந்தார்கள். வந்ததும் போவோம் என்றேன்.

"சுத்தித்தான் போகணும்னா சுத்திட்டுப் போவோமே. எனக்கு என்ன அவசரம்? சன்னல்ல வேடிக்கை பாத்துக்கிட்டு வருவேன்" என்றாள்.

நான் அவளுக்கு ஒரு முக்கோணம் வரைந்து காட்டினேன். அந்தத் தாளின் பின்பக்கத்தில் மளிகைப் பட்டியல் எழுதி வைத்திருக்கிறாள். இன்று அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் கிடைத்தது. பட்டியலின் கடைசி வரியில் எங்கள் ஊர் முந்திரி இனிப்பு: "மக்ரூன், பொருநைக்கு. உடையாம கட்டச் சொல்லணும்."

மாலையில் ஆவுடையப்பன் வந்தார். எட்டாம் வகுப்போடு நின்றவர். உப்பளத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அவரை அதிகம் மதித்ததில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"பிள்ளைக்குப் போன் போட்டேன் மாப்ள. எடுத்தா. எம் பேச்சக் கேட்டதும் வெச்சிட்டா."

"உங்களுக்கு வருத்தம்தான் மச்சான்."

"எனக்கென்ன வருத்தம். தோளுல போட்டு வளத்த பிள்ள, ரெண்டு வார்த்த ஏசிட்டுப் போறா." காப்பியை ஆற்றினார். ஆற்றிக்கொண்டே இருந்தார். "அவ நல்லாருக்காளான்னு மட்டும் நீங்க கேட்டுச் சொல்லுங்க. ஒங்ககிட்ட பேசுவால்லா?"

பேசுவாள் என்றேன். அவர் போகும்போது கொய்யா மரத்தடியில் சற்று நின்று, கலயத்தின் முடிச்சைச் சரிபார்த்துவிட்டுப் போனார்.

பிப்ரவரி 18, செவ்வாய்

விமான நிறுவனத்தின் பதில் மின்னஞ்சலில் வந்தது. என் கருத்து அவர்களுக்கு மிக முக்கியமாம். என் பயண அனுபவத்துக்கு ஐந்து நட்சத்திரங்களில் எத்தனை தருவேன் என்று கேட்டிருந்தார்கள்.

இரண்டாவது கடிதம் எழுதினேன். முதல் கடிதத்தில் இருந்த மரியாதைச் சொற்களை நீக்கினேன். சொற்கள் குறைந்ததால் அது நன்றாக அமைந்தது.

பொருநைக்கு மூன்று முறை அழைத்தேன். எடுக்கவில்லை.

பிப்ரவரி 19, புதன்

ஒரு வாரம்.

பிப்ரவரி 20, வியாழன்

காலை பதினொரு மணிக்கு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். பெயர் ரெனிட்டா. குரலில் இருபத்தைந்து வயதுக்கு மேல் இராது. என் கடிதங்களை முழுமையாகப் படித்திருந்தாள். அது எனக்குச் சற்று ஏமாற்றமாகவே இருந்தது.

"சார், மேடம் தவறினதுக்கு எங்க ஆழ்ந்த வருத்தத்தத் தெரிவிச்சுக்கறோம் சார்."

"வருத்தத்த எழுத்துல அனுப்புங்க. தாமதத்துக்கு என்ன காரணம்?"

"மைசூர்ல ஒரு பார்ட் மாத்த வேண்டியிருந்துச்சு சார். அது எங்க தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா செகண்ட் ஃபிளைட் முப்பத்திரெண்டு நிமிஷம் முன்னாடியே லேண்ட் ஆயிடுச்சு சார். நாலு எட்டுக்கு."

"நாலு நாப்பதுன்னு அச்சடிச்சிருக்கீங்க."

"அது ஷெட்யூல் டைம் சார். எப்பவும் கொஞ்சம் கூட்டித்தான் போடுவோம். கிளம்ப லேட் ஆனா சமாளிக்கணும்ல? பறக்கிறது என்னவோ ஒரு மணி நேரம் அஞ்சு நிமிஷம்தான்."

அது எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். தூரத்தை வேகத்தால் வகுத்திருந்தால் ஒரு நொடியில் கிடைத்திருக்கும். வகுக்காமல், அச்சிட்டதை நம்பினேன்.

"சார், ஒரு டீடெயில் மட்டும். ரிப்போர்ட்ல எழுதணும். மயானத்துல அஞ்சு நாலுக்குன்னு போட்டிருக்கீங்க. ஏர்போர்ட்லேருந்து மயானம் எவ்வளவு தூரம் சார்?"

"இருபத்தொரு கிலோமீட்டர்."

"அப்ப... அரை மணி நேரம்." விசைப்பலகை தட்டும் ஓசை கேட்டது, பிறகு நின்றது. "சார், அப்ப உங்க டாட்டர் வந்து சேர்ந்திருக்கணுமே சார்?"

அவள் குற்றம் சாட்டவில்லை. கணக்குப் போட்டாள். என் வகுப்பில் ஒரு மாணவி இப்படிக் கேட்டிருந்தால் எழுந்து நிற்கச் சொல்லிப் பாராட்டியிருப்பேன்.

இணைப்பைத் துண்டித்தேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 22, சனி

எழுத இருக்கிறது.

புதன்கிழமை மாலை நான்கு மணி. வீட்டு முற்றத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். மயானத்தில் எங்களுக்குக் கொடுத்திருந்த நேரம் ஐந்து. அதுதான் அன்றைய கடைசி நேரம். இன்னும் காத்திருக்கலாமா என்று ஆவுடையப்பன் கேட்டார். நான் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: விமானம் 4.40க்கு இறங்கும், வீட்டுக்கு வர முப்பத்தைந்து நிமிடம், 5.15க்கு முன்னால் பொருநை வர வழியே இல்லை, எடுங்கள். வகுப்பில் பேசுவதுபோலவே பேசினேன். யாரும் மறுக்கவில்லை. படித்தவர் கணக்குப் போட்டுச் சொல்கிறார் என்று எடுத்தார்கள்.

4.25க்கு மயான வாசலில் என் தொலைபேசி ஒலித்தது. கிரீஷ்.

"மாவா, இறங்கிட்டோம். டாக்சில இருக்கோம். எங்க வரணும்? வீட்டுக்கா, அங்கயா? டிரைவர் அங்க வர இருபத்தெட்டு நிமிஷம் சொல்றார்."

பின்னால் பொருநையின் குரல்: "கேளுங்க, சீக்கிரம் கேளுங்க."

4.25உடன் இருபத்தெட்டு. 4.53. எனக்கு முன்னால் செண்பகம் கிடத்தப்பட்டிருந்தாள். முகம் திறந்திருந்தது.

பக்கத்தில் நின்ற ஆவுடையப்பனுக்கு அந்தக் குரல் கேட்டிருக்கவேண்டும். என் முழங்கையைத் தொட்டார்.

"பிள்ளைய நேரா இங்க வரச் சொல்லுங்க மாப்ள. பொம்பள வரக்கூடாதுன்னு இப்ப யாரு பாக்கா? அவ அம்மைய ஒரு தடவ பாத்துக்கிடட்டும்."

நான் தொலைபேசியில் சொன்னேன்: "பொம்பளைங்க மயானத்துக்கு வர்ற வழக்கம் இல்ல. வீட்டுக்குப் போங்க."

வழக்கம் என்ற சொல்லை என் வாழ்நாளில் ஒரு காரணமாக நான் சொன்னதில்லை. அன்று அது எங்கிருந்து வந்தது என்பதைப் பத்து நாட்களாக அறிவேன். 4.53க்கு அவள் வந்து இறங்கினால், நாற்பது பேர் முன்னால் நான் சொன்ன 5.15 பொய்யாகும். செண்பகத்தை வீட்டிலிருந்து எடுத்ததே பிழை என்றாகும். காரில் வந்திருக்கலாம் என்ற பேச்சும் அங்கேயே தொடங்கும். என் கணக்குக்கும் என் மகளுக்கும் இடையில் நான் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. தேர்ந்தெடுத்தேன்.

பிறகு முப்பத்தொன்பது நிமிடங்கள் செண்பகத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டு வாசலில் பொருநை, "யாரு என்னைய வரக்கூடாதுன்னு சொன்னது?" என்று கேட்டபோது நான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஆவுடையப்பன், "நான்தாம்மா சொன்னேன்" என்றுவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

கிரீஷை அழைத்தேன். எடுத்தான்.

"அன்னைக்கு என்கூடத்தானே பேசினீங்க. அவகிட்ட ஏன் சொல்லல?"

"பெரியவங்க வேண்டாம்னாங்கன்னு மட்டும் சொன்னேன் மாவா. யாருன்னு சொல்லல."

"ஏன்?"

"அம்மா இல்லாம போயிட்டாங்க. அப்பாவும் இல்லேன்னு ஆனா அவ எங்க போவா மாவா?"

எனக்கு முப்பது வயது இளையவன். அவனுடைய தமிழை நான் பலமுறை திருத்தியிருக்கிறேன்.

பதினாறாம் நாளுக்குத் தூத்துக்குடி வரமாட்டேன் என்று பொருநை உறுதியாகச் சொல்லிவிட்டாள் என்றான். அஸ்தியில் ஒரு பங்கு என்னிடம் இருக்கிறது என்றேன். மறுமுனையில் அவன் அதைக் கன்னடத்தில் யாரிடமோ சொன்னான். ஒரு கதவு மூடும் ஓசை கேட்டது.

"வாங்க மாவா" என்றான்.

பிப்ரவரி 24, திங்கள்

ரெனிட்டாவுக்கு எழுதினேன். மைசூரில் ஏற்பட்ட நூற்றுப்பத்து நிமிடத் தாமதம் குறித்த என் புகார் அப்படியே நிற்கிறது. அதற்கு நிறுவனம் எழுத்து மூலம் பதில் சொல்லவேண்டும். கடைசிப் பத்தியை மட்டும் திரும்பப் பெறுகிறேன். அவள் கேட்ட கேள்வி சரியான கேள்வி என்றும் குறிப்பிட்டேன்.

ஆவுடையப்பனிடம் போய்ச் சொன்னேன், பதினாறை மைசூர்ப் பக்கம் காவிரியில் பொருநை கையால் செய்யப்போகிறேன் என்று. அவர் எதிர்ப்பார் என்று நினைத்து மூன்று வாதங்களை ஆயத்தமாக வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை.

"போயிட்டு வாங்க. இங்க படையல் போட்டு நாலு பேருக்குச் சோறு போடுத வேலைய நான் பாத்துக்கிடுதேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மாப்ள, அவகிட்ட ஒண்ணுஞ் சொல்லிக்கிடாதீய. எம்மேலயே இருந்துட்டுப் போட்டும். எனக்குத் தோலு தடிச்சது. ஒங்களுக்கு அவ ஒருத்திதான்."

எட்டாம் வகுப்போடு நின்றவர் என்று ஒரு வாரம் முன்பு இதே ஏட்டில் எழுதியிருக்கிறேன். அடிக்கவில்லை. இருக்கட்டும்.

பிப்ரவரி 25, செவ்வாய்

இறப்புச் சான்று, தகனச் சான்று, இரண்டின் நகல்கள். ஒரு வேட்டி. செண்பகத்தின் மூக்குக்கண்ணாடியும் எடுத்துக்கொண்டேன். ஏன் என்று தெரியவில்லை. மக்ரூன் வாங்கினேன். கடைக்காரரிடம் உடையாமல் கட்டச் சொன்னேன்.

பிப்ரவரி 26, புதன்

மைசூரில், விடுதி அறையிலிருந்து எழுதுகிறேன்.

காலையில் கொய்யாக் கிளையிலிருந்து கலயத்தை அவிழ்த்தேன். தூத்துக்குடியின் வாகைக்குளம் விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை செய்தவர் பையைச் சுட்டி என்னவென்று கேட்டார். சான்றுகளைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "அம்மாவா சார்?" என்றார். மனைவி என்றேன். அதன்பின் அவர் பையைத் தட்டில் வைக்காமல் இரண்டு கைகளாலும் ஏந்தி இயந்திரத்தில் வைத்தார்.

சன்னலோர இருக்கை கேட்டு வாங்கியிருந்தேன். கலயத்தை மடியில் வைத்துக்கொண்டேன். உப்பளங்கள் வெள்ளைப் பாத்திகளாகத் தெரிந்தன. பிறகு கடற்கரை நெடுகிலும் வடக்கே. ஒரு மணி ஆறு நிமிடம். சென்னையில் காத்திருப்பு இரண்டு மணி நாற்பது நிமிடம்.

அந்தக் காத்திருப்பைப் பற்றி எழுதவேண்டும். அன்று பொருநையும் அங்கேதான் எங்கோ ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதிரில் பலகையில் ஊர்ப்பெயர்களும் நேரங்களும் மாறிக்கொண்டிருந்தன. அவள் சிறுமியாக இருந்தபோது ரயிலில் ஏறியவுடன் நிலையங்களின் பெயர்களை வரிசை தப்பாமல் சொல்லச் சொல்வேன். மேலூர், மணியாச்சி, கடம்பூர், கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர். ஒன்றை விட்டால் முதலிலிருந்து. செண்பகம் எதிர் இருக்கையில் இருந்து உதட்டசைத்துக் காட்டிக்கொடுப்பாள். நான் காணாததுபோல் இருப்பேன். அவர்கள் இருவரும் என்னை ஏமாற்றிவிட்டதாகச் சிரிப்பார்கள். என் வாழ்வில் நான் பார்த்தும் திருத்தாமல் விட்ட பிழை அது ஒன்றுதான்.

மைசூர் விமானம் இருபது நிமிடம் தாமதம். எனக்குக் கோபம் வரவில்லை.

ஆக மொத்தம் 918 கிலோமீட்டர். செண்பகம் மகள் ஊருக்கு வந்துவிட்டாள், சுற்றிக்கொண்டு, சன்னலில் வேடிக்கை பார்த்துக்கொண்டு.

கிரீஷ் மட்டும் வந்திருந்தான். வீட்டுக்கு அழைத்தான். அஸ்தியோடு வீட்டுக்குள் வரக்கூடாது என்று சொல்லி விடுதிக்கு வந்துவிட்டேன். இந்த முறையும் வழக்கத்தின் பின்னால் ஒளிந்துகொண்டேன் என்பதைப் பதிவு செய்கிறேன்.

பிப்ரவரி 27, வியாழன்

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரி மேற்காகத் திரும்பும் படித்துறை. காலை எட்டு மணி. பொருநை நீல நூல்சேலையில் முன்னதாகவே வந்து படியில் உட்கார்ந்திருந்தாள். பதினைந்து நாட்களில் இளைத்திருக்கிறாள். என்னைப் பார்க்கவில்லை, என் கையிலிருந்த மஞ்சள் துணியை மட்டும் பார்த்தாள்.

புரோகிதர் கன்னடத்தில் ஏதோ கேட்டார். மகன் இல்லையா என்று கேட்கிறார் என்றான் கிரீஷ். "நானு மாடுத்தீனி", நான் செய்கிறேன் என்றாள் பொருநை. அவர் தலையசைத்து, தர்ப்பையை எடுத்து அவளிடம் நீட்டினார். அவ்வளவு எளிதாக இருந்தது அது.

அவள் கலயத்தை வாங்கக் கை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை.

"கொடுங்கப்பா."

"ஒன்று சொல்லிவிட்டுத் தருகிறேன்" என்று மேடையில் பேசுவதுபோல் தொடங்கி, அந்தத் தமிழில் அதைச் சொல்ல முடியாது என்று கண்டு நிறுத்தினேன். பிறகு சொன்னேன்: "அன்னைக்கு உன்னைய வரவேண்டாம்னு சொன்னது மாமா இல்லம்மா. அவரு வரச் சொல்லுங்கன்னுதான் சொன்னாரு. நான்தான் வேண்டாம்னேன். நீ வந்து சேர முடியாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருந்தேன். நீ வந்துட்டா நான் சொன்னது தப்பாயிரும்னு..."

வாக்கியம் முடியவில்லை.

அவள் முகத்தில் சினம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வந்தது வேறு, பரிச்சயமான ஒன்று, கண்ணாடியில் நான் நாள்தோறும் காண்பது. உதடுகள் ஒரு கோடாயின.

"மாமாவுக்குப் போன் போடுங்க."

போட்டுக் கொடுத்தேன். "மாமா" என்றதுமே அழத் தொடங்கினாள். மறுமுனையில் ஆவுடையப்பனின் குரல் எனக்கும் கேட்டது: "அழாதட்டி. அம்மைக்குச் செய்யவேண்டியத மொதல்ல செய்யி. மாமா போன வெக்கல, இங்கதான் இருக்கேன்." தொலைபேசியைக் கிரீஷிடம் கொடுத்துவிட்டு, என் கையிலிருந்து கலயத்தை எடுத்துக்கொண்டு அவள் நீரில் இறங்கினாள். கிரீஷ் தொலைபேசியை ஆற்றை நோக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

இடுப்பளவு நீரில் துணியை அவிழ்த்தாள். கலயத்தின் வாயை முகத்தருகே கொண்டுபோய் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். புரோகிதர் அவசரப்படுத்தவில்லை. அது எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை.

கரையேறிய பின் மக்ரூன் பொட்டலத்தை நீட்டினேன். வாங்கிப் பிரித்தாள். ஒன்றுகூட உடையவில்லை. மூடி வைத்தாள்.

"எப்ப திரும்புறீங்க?"

"நாளைக்குப் பகல் விமானம்."

"வேண்டாம். பஸ்ல போங்க." குரல் மெதுவாக, சீராக இருந்தது. "நாங்க அன்னைக்கு வர்றேன்னு சொன்ன வழியிலேயே போங்க. ஒவ்வொரு ஊராப் பாத்துக்கிட்டே போங்கப்பா. போய்ச் சேந்ததும் எத்தன மணி நேரம் ஆச்சுன்னு எனக்கு மெசேஜ் போடுங்க."

பிப்ரவரி 28, வெள்ளி

காலை 6.30க்கு மைசூரில் ஏறினேன். இரண்டு முறை பேருந்து மாறினேன். மாலை 6.50க்குத் தூத்துக்குடி.

சொர்ணம் சுக்குக் காப்பி போட்டு வைத்திருந்தாள். அதைக் குடிக்கும் முன்பே, செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்று பொருநைக்கு அனுப்பினேன்: "சேர்ந்தேன். 12 மணி 20 நிமிடம்."

பார்த்துவிட்டாள் என்பதற்கான இரண்டு நீலக் குறிகள் உடனே தெரிந்தன. பதில் இல்லை. பின்புறம் போய்க் கொய்யாக் கிளையில் மிச்சமிருந்த கயிற்றை அவிழ்த்தேன். முடிச்சு இறுகியிருந்ததால் வெகுநேரம் பிடித்தது. திரும்பி வந்தபோது பதில் வந்திருந்தது.

"எங்கெங்க நின்னுச்சு? வரிசையாச் சொல்லுங்க."

மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒரு விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தட்டத் தொடங்கினேன். நஞ்சன்கூடு. சாமராஜநகர். திம்பம். பண்ணாரி. சத்தியமங்கலம்.

அடுத்த ஊர் நினைவுக்கு வரவில்லை. செண்பகம் உட்காரும் எதிர் நாற்காலியைப் பார்த்தேன்.